அலர்ஜிக்குக் காரணம் தேடும்போது செய்யும் தவறுகள்

தோலில் தடிப்பு வந்தால் போதும், "ரத்தம் கெட்டுப்போச்சு, பேதிக்குக் குடி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அலர்ஜிக்கும் ரத்தம் கெடுவதற்கும் சம்பந்தமில்லை. வேர்க்கடலை, மகரந்தம் போன்ற தீங்கில்லாத பொருளைப் பகையென்று எண்ணி, உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அதே பொருள் மறுபடி உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் சுரந்து அரிப்பு, தும்மல், வீக்கம் எல்லாம் வருகின்றன. 1960களிலேயே கண்டறிந்த விஷயம் இது. பேதி மருந்தால் இதை மாற்ற முடியாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை. ஒரே ரத்த மாதிரியில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளைப் பார்த்து, பால், முட்டை, கோதுமை என்று சிவப்பில் குறித்துத் தருவார்கள். ஐஜிஜி இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்றுதான் பொருள். அந்தத் தாளை நம்பி வளரும் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் ஒன்றாக நிறுத்தினால், அரிப்பு அப்படியே இருக்க எடைதான் குறையும். ஐஜிஇ பரிசோதனைகூடத் தனியாகப் போதாது. என்ன சாப்பிட்டதும், எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு அலர்ஜி பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்போது தேவை அட்ரினலின் ஊசி.

"சுத்தம் அதிகமானதால்தான் அலர்ஜி" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அண்ணன் அக்கா நிறைய உள்ள பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவு என்று 1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற ஆய்வாளர் எழுதினார். அதற்காகக் கை கழுவுவதை விட்டால் வயிற்றுப்போக்குதான் வரும்.

குழந்தைக்கு வேர்க்கடலை கொடுப்பதைத் தள்ளிப்போட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் தவறு. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், அலர்ஜி வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே கொடுக்கத் தொடங்கியதில் ஐந்து வயதில் கடலை அலர்ஜி சுமார் 80% குறைந்தது. கடுமையான கரப்பான் என்ற தோல் அழற்சியோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

சரி, வீட்டு நாய்க்கு வரும் அலர்ஜியிலும் காரணம் தேடித் தவறு செய்கிறோம். சொறிந்தாலே சோற்றைக் குறை சொல்கிறோம். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால், கோழி. தினமும் போடும் கோழியை யாரும் சந்தேகிப்பதில்லை. அதற்கும் முன்னால் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். வாலடியில் முடி கொட்டியிருந்தால் அங்கே சீவி, விழும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத்தாளில் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது நாயின் ரத்தம். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். முடியை அனுப்பிச் செய்யும் அலர்ஜி பரிசோதனை நம்பத்தக்கதல்ல. உணவுதான் காரணமா என்று அறிய, இதுவரை தின்னாத ஓர் இறைச்சியை மட்டும் கால்நடை மருத்துவர் மேற்பார்வையில் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். இடையில் பாசத்தில் நீட்டும் ஒரு பால் பிஸ்கட், அத்தனை வாரத்தையும் வீணாக்கிவிடும்.