சேர்வதற்கு முன் வளாகத்தையும் ஊரையும் பார்த்து வருவது எப்படி

மூன்று நான்கு வருடம் இருக்கப்போகும் இடத்தைப் பார்க்க, பலரும் ஒதுக்குவது ஒரே ஒரு மதியம். பல்கலைக்கழகமே ஒருவரைத் துணைக்கு அனுப்பும். புதுக் கட்டடம், கலையரங்கம், விளையாட்டுத் திடல், மாதிரி அறை என ஒரு மணி நேரத்தில் சுற்றி முடிந்துவிடும். அவர்கள் காட்டுவதில் பொய் இருக்காது. ஆனால் காலை 7 மணிக்கு மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா, மாலையில் நூலகத்தில் உட்கார இடம் கிடைக்கிறதா, ராத்திரி திரும்பிவர பஸ் இருக்கிறதா என்பது எதுவும் அதில் தெரியாது. அதற்கு, முதலாண்டு மாணவரின் ஒரு சாதாரண நாளை நீங்களே அங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

போகும் நாள்

செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போது, வார நாளில் போங்கள். செமஸ்டரின் முதல் வாரம் வேண்டாம். எல்லாம் குழப்பமாக இருக்கும். தேர்வு வாரமும் விடுமுறையும் வேண்டாம். வளாகம் காலியாக, அமைதியாக, அழகாகத் தெரியும், அதை நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். வகுப்புகள் சூடுபிடித்த மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் போவது நல்லது. வருகையாளர் நாள் என்று அவர்களே அறிவித்திருந்தால் அன்றைக்குப் போங்கள், பேராசிரியர்களைச் சந்திக்க அது வசதி. மறுநாளும் இருந்துவிட்டு வாருங்கள். முதல் நாள் போட்ட தோரணம் கழற்றப்பட்ட பிறகு இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

குறைந்தது ஒரு இரவு தங்க வேண்டும். வளாகத்தின் விருந்தினர் அறையைவிட, நடந்து போகும் தூரத்தில் வெளியே தங்குவது மேல். அந்தப் பகுதியின் ராத்திரிச் சத்தமும் வெளிச்சமும் அப்போதுதான் தெரியும்.

இரண்டு மூன்று வாரம் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் சேரப்போகும் துறையின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர், எந்தப் படிப்பு, எந்தத் தேதி, முதலாண்டு வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் உட்காரலாமா, துறையின் லேபைப் பார்க்க முடியுமா: ஐந்து வரி போதும். வகுப்பில் உட்கார அனுமதி எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. ஆனாலும் எத்தனை நாளில் யார் என்ன பதில் போடுகிறார் என்பதே ஒரு தகவல். சேர்ந்த பிறகும் உங்கள் கடிதங்களைப் பார்க்கப்போவது அதே அலுவலகம்தான். அடையாள அட்டையை மறக்காதீர்கள். பல வளாகங்களில் அது இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

டைம்டேபிளை நடந்து பாருங்கள்

நடப்பு முதலாண்டு டைம்டேபிள் துறையின் நோட்டீஸ் போர்டிலோ இணையதளத்திலோ இருக்கும். ஒரு நாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்பும் எந்தக் கட்டடம் என்று குறித்து, அதே நேரத்தில் அந்தந்த இடத்துக்கு நடந்து போங்கள். சாதாரண நடையில் நிமிடத்துக்கு சுமார் 80 மீட்டர் போகலாம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே 1,200 மீட்டர் என்றால் 15 நிமிடம். வகுப்புகளுக்கு இடையே 10 நிமிடம்தான் விடுகிறார்கள் என்றால் தினமும் ஐந்து நிமிடம் தாமதம், வருடம் முழுக்க. மழையோ வெயிலோ அடித்தால் ஒதுங்க நிழல் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சக்கர நாற்காலியில் போகிறவர், நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் இந்த நடைதான் மிக முக்கியம். சாய்தளம் இருக்கிறது என்ற பதில் போதாது. 1 மீட்டர் உயரம் ஏற 12 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளிவிட ஆள் தேவைப்படும். லிஃப்டில் ஏறிப் பாருங்கள். அது ஓடுகிறதா, பூட்டிச் சாவியை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா?

லேபில் பளபளக்கும் கருவியைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய கருவிகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பதிவேடு இருக்கும்: தேதி, நேரம், பயன்படுத்தியவர் கையெழுத்து. அனுமதி கேட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். போன வாரத் தேதிகள் வரிசையாக, வெவ்வேறு கையெழுத்தில் இருந்தால் அந்தக் கருவி மாணவர் கைக்கு வருகிறது. கடைசித் தேதி பல மாதம் பழையது, மேலே போட்ட உறையில் தூசி என்றால் அது காட்சிப்பொருள். ஒரு கருவிக்கு எத்தனை மாணவர் நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். மூன்று பேர் வரை எல்லோருக்கும் கை வைக்க வாய்ப்புண்டு. எட்டு பேர் என்றால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் குறிப்பைப் பார்த்து எழுதுவார்கள்.

நூலகத்துக்குக் காலையில் போய்ப் பயனில்லை, மாலை 6 மணிக்குப் போங்கள். முதலாண்டுப் பாடப்புத்தகம் ஒன்றின் பெயரைக் கணினிப் பட்டியலில் தேடி எத்தனை பிரதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அலமாரிக்குப் போய் எத்தனை கையில் கிடைக்கிறது என்று எண்ணுங்கள். மேசைப் பக்கம் வேலைசெய்யும் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று உங்கள் சார்ஜரையே செருகிப் பாருங்கள்.

ஹாஸ்டல்

மாதிரி அறையைப் பார்த்த பிறகு, ஆள் குடியிருக்கும் அறை ஒன்றை, அங்கிருப்பவர் சம்மதித்தால், பார்க்கக் கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு போனில் சிக்னல் பாருங்கள். வீடியோ வகுப்பு தடங்கலில்லாமல் ஓட விநாடிக்கு 4 மெகாபிட் (Mbps) இணைய வேகம் போதும். பகலில் அது கிடைப்பது பெரிதல்ல, எல்லோரும் அறைக்குத் திரும்பிய இரவு 9 மணிக்கு என்ன வேகம் என்று அங்கே இருப்பவரைச் சோதித்துச் சொல்லச் சொல்லுங்கள். கூரையின் மூலையில் பழுப்புக் கறை இருந்தாலோ, புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் ஈர வாடை அடித்தாலோ அங்கே ஒழுகுகிறது.

குளியலறையைக் கணக்குப் போடுங்கள். ஒரு குளியலறைக்கு 10 பேர், ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 100 நிமிடம். காலை 9 மணி வகுப்புக்கு முதல் ஆள் 7 மணிக்கே உள்ளே போயாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது: விடுதி இடம் எல்லா வருடத்துக்கும் உறுதியா, முதலாண்டுக்கு மட்டுமா? இதைக் கேட்காமல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் அவசரமாக வீடு தேடி அலைகிறவர்கள் நிறைய. முதலாண்டுக்கு மட்டும்தான் என்றால், நீங்கள் பார்க்க வந்திருப்பது விடுதியை மட்டுமல்ல, சுற்றியுள்ள வாடகைப் பகுதியையும்தான். விடுமுறையில் விடுதியும் மெஸ்ஸும் திறந்திருக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரிடம், என்ன கேட்பது

இரண்டாம் ஆண்டு மாணவர்கள்தான் சரியான ஆட்கள். முதலாண்டுக்காரருக்குப் புதுமை இன்னும் தீர்ந்திருக்காது, கடைசி ஆண்டுக்காரர் மனதளவில் கிளம்பிவிட்டிருப்பார். விடுதியில் இருப்பவர், வெளியிலிருந்து வந்துபோகிறவர் இருவரிடமும் பேசுங்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும். நடந்ததைக் கேளுங்கள்: போன வாரம் எத்தனை வகுப்பு நடக்கவில்லை? போன தேர்வின் முடிவு எத்தனை வாரத்தில் வந்தது? வகுப்புக்கு வெளியே ஆசிரியரிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்? உங்களோடு சேர்ந்தவர்களில் யாராவது பாதியில் போனார்களா, ஏன்?

பெற்றோர் கூட வந்திருந்தால் இரண்டு மணி நேரமாவது பிரிந்து போங்கள். அம்மா அப்பா பக்கத்தில் நிற்கும்போது எந்த சீனியரும் மனம்விட்டுப் பேசமாட்டார். அந்த நேரத்தில் பெரியவர்கள் கட்டணப் பிரிவுக்குப் போகலாம். கல்விக் கட்டணம் தவிர லேப், தேர்வு, விடுதி வைப்புத்தொகை என்று வேறு என்னென்ன உண்டு, பாதியில் விலகினால் எது திரும்ப வரும் என்று பட்டியல் கேட்டு வாங்குவது அவர்கள் வேலை.

ஊர்

காரில் வந்து காரில் போனால் ஊரைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். மாணவர் எப்படிப் போவாரோ அப்படியே, காலை நெரிசலில் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறை போய் வாருங்கள். பயண நேரத்தைவிட வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதுதான் உங்கள் காலத்தைத் தின்னும். 20 நிமிடப் பயணம், ஆனால் 40 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், ஒன்றைத் தவறவிட்ட அன்று ஒரு மணி நேரம் போய்விடும். முன்கூட்டியே பார்க்க விரும்பினால், கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தைத் திங்கட்கிழமைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள்.

கடைசிப் பஸ் நேரத்தை நூலகம் மூடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். நூலகம் 11 மணிவரை, கடைசிப் பஸ் 10.15 என்றால் வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடையாது.

இருட்டிய பிறகு, நிறுத்தத்திலிருந்து தங்கப்போகும் இடம்வரை நடந்து பாருங்கள். தனியாக வேண்டாம், ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தெருவிளக்கு எங்கே விட்டுப்போகிறது, திறந்திருக்கும் கடை எது, ஆள் நடமாட்டம் எதுவரை இருக்கிறது என்று கவனியுங்கள். போகும் வழியிலேயே மருந்துக்கடையும், இரவில் மருத்துவர் இருக்கும் இடமும் எங்கே என்று பார்த்துவிடலாம். வளாகத்து மருத்துவமனை பலவும் மாலையோடு மூடிவிடும்.

வாடகை அறை பார்த்தால் அன்றே முன்பணம் கொடுக்காதீர்கள். "இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்ற வார்த்தை வந்தால் இன்னும் நிதானம் தேவை. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிறகு முடிவெடுத்தால் போதும்.

குறித்துக்கொள்வது

ஒரே வாரத்தில் மூன்று இடம் பார்த்தால் நான்காம் நாள் எது எங்கே என்று கலந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் முதல் படமாகப் பெயர்ப்பலகையை எடுத்துவிடுங்கள். பின்னால் வரும் படங்கள் எந்த வளாகத்தவை என்று தெரியும். எல்லா இடத்துக்கும் ஒரே கேள்வித்தாளை வைத்து, அன்று இரவே, தூங்கும் முன் எழுதுங்கள்.

போகவே முடியாத தூரம் என்றால், அங்கே படிக்கும் ஒருவரை வீடியோ அழைப்பில் வாசலிலிருந்து அறைவரை நடந்து காட்டச் சொல்லலாம். கூகுள் மேப்ஸின் ஸ்ட்ரீட் வியூவில் தெருவைப் பார்க்கும்போது அந்தப் படம் எந்த மாதம், எந்த வருடம் எடுத்தது என்று அதிலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.