எழுத்துக்கு என்ன விலை சொல்வது?

கட்டுரை எழுதித் தரச் சொல்பவர்கள் "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டதும் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிட்டு இரவெல்லாம் என்னை நானே நொந்துகொண்டது உண்டு. கேள்வி வருவதற்கு முன்பே கணக்கு கையில் இருக்க வேண்டும்.

முதல் படி: ஒரு மணி நேரத்தின் விலை

ஆண்டுக்கு 52 வாரம். விடுமுறை, காய்ச்சல், வேலை வராத நாட்கள் என்று 6 வாரம் கழித்தால் 46. வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் ஏறக்குறைய பாதிதான் காசாகும். மீதி வேலை தேடுவதிலும், மின்னஞ்சலிலும், வரவேண்டிய பணத்தை நினைவூட்டுவதிலும் கரைந்துவிடும். ஆக, 46 × 20 = 920 மணி நேரம். ஓராண்டுக் குடும்பச் செலவு, வரி, கணினி, இணையம், சேமிப்பு அனைத்தையும் கூட்டி 920ஆல் வகுங்கள். வருவது உங்கள் அடிமட்ட விலை; அதை வெளியே சொல்ல வேண்டாம். முன்பு பார்த்த வேலையின் ஆண்டுச் சம்பளத்தை 2,000 மணி நேரத்தால் (வாரம் 40 மணி, 50 வாரம்) வகுத்துக் கேட்பவர்கள், தெரியாமலே பாதிச் சம்பளத்துக்கு உழைக்கிறார்கள்.

இரண்டாம் படி: நேரத்தைக் குறித்துவையுங்கள்

1,000 சொல் கட்டுரை ஒன்றுக்கு என் நோட்டில் இருப்பது: வாசிப்பு 2 மணி, பேட்டி 1, பேட்டியைக் கேட்டு எழுதியது 1, கட்டுரை 3, திருத்தம் 1. மொத்தம் 8. புதியவர்கள் அந்த 3 மணி நேரத்துக்கு மட்டும் காசு கேட்கிறார்கள்.

மூன்றாம் படி: சொற்கணக்கா, மொத்தத் தொகையா?

தமிழில் எழுதுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'செய்துகொண்டிருக்கிறார்கள்' தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தால் சொற்கள் கணிசமாகக் குறையும். அதனால் சொல்லுக்கு இவ்வளவு என்றால், மூலத்தின் சொற்களை எண்ணச் சொல்லுங்கள். (தமிழ்ச் சொற்களை எண்ணிப் பணம் தந்த நாட்களில், சேர்த்து எழுத வேண்டியதை எல்லாம் பிரித்து எழுதும் ஆசை எனக்கும் வந்தது.) சொந்தக் கட்டுரைக்கு மொத்தத் தொகைதான் நல்லது: மணி நேர விலை × 8, அதன்மேல் எதிர்பாராத வேலைக்குக் கொஞ்சம்.

நான்காம் படி: எழுத்தில் அனுப்புங்கள்

"1,000 சொல் கட்டுரை, ஒரு பேட்டி, இரண்டு முறை திருத்தம் உட்பட இவ்வளவு. பாதி முன்பணம், மீதி, ஒப்படைத்த 15 நாளுக்குள். மூன்றாம் திருத்தத்திலிருந்து தனிக் கட்டணம்." இந்தக் கடைசி வரி இல்லாததால் ஒரே கட்டுரையை ஏழு முறை திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: பேரம்

தொகையைச் சொன்னபின் பேசாமல் இருங்கள். "குறைத்தாலும் பரவாயில்லை" என்று நீங்களே ஒட்டவைக்காதீர்கள். அவர்கள் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறையுங்கள்: பேட்டி வேண்டாம், அல்லது 700 சொல் போதும். அடிமட்ட விலைக்குக் கீழே போனால் நன்றி சொல்லி விலகிவிடலாம்.

விலையை ஏற்றும்போது புதிய வாடிக்கையாளர்களிடம் முதலில் ஏற்றுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிடுங்கள். கையிலிருக்கும் வேலை பழைய விலையிலேயே முடியட்டும்.