பிணை நிற்க ஆளில்லாமல் லண்டனில் வீடு எடுப்பவர்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து படிக்கப் போகிற பிள்ளைக்கு "லண்டன் சித்தப்பா பிணை நிற்பார்" என்று வீட்டில் பேசி முடித்துவிடுவார்கள். சித்தப்பாவின் சம்பளத்தை ஒருவரும் விசாரிப்பதில்லை. இங்கிலாந்தில் வீடு வாடகைக்குக் கொடுக்கும் பல ஏஜென்சிகள், பிணையாளரின் ஆண்டு வருமானம் மாத வாடகையின் 36 மடங்கு இருக்க வேண்டும் என்கின்றன. வாடகை 800 பவுண் என்றால் 28,800. குறைந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். ஒரே வீட்டுக்குப் பலர் சேர்ந்து கையெழுத்து வைக்கும் கூட்டு ஒப்பந்தம் என்றால் இன்னொரு சிக்கல்: கூட இருப்பவன் வாடகை கட்டாமல் ஓடினால் அதுவும் சித்தப்பாவின் தலையில்தான். பிணைப் பத்திரத்தில் "இவரின் பங்குக்கு மட்டும்" என்று எழுதுவித்த பிறகே அவரிடம் கையெழுத்துக் கேளுங்கள்.

அப்பாவின் காணி பெர்மிட், விதானையாரின் கடிதம் எல்லாம் விசாவுக்கு உதவலாம், வீட்டுக்கு உதவாது. வாடகை வரவில்லையென்று லண்டன் வீட்டுக்காரர் பரந்தனுக்கு வந்து வழக்குப் பேசப் போவதில்லை. அவர்கள் பார்ப்பது வங்கிக் கூற்றை. வங்கிப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பாமல், வங்கியிடம் ஆங்கிலத்தில் முத்திரையுடன் வாங்குங்கள். விவசாயக் குடும்பமென்றால் ஒரு கவனம் தேவை. காலபோக நெல் விற்ற காசு ஒரே நாளில் பெருந்தொகையாக விழுந்திருக்கும். மாதச் சம்பளத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கைமாற்று வாங்கிப் போட்ட காசு போலத் தெரியும். நெல் விற்ற பற்றுச்சீட்டை மொழிபெயர்த்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு கூடவே அனுப்புங்கள்.

"ஆறு மாத வாடகையை முன்னுக்குக் கட்டினால் பிணை கேட்க மாட்டார்கள்" என்பது பழைய கதை. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. அதற்காக ஊரில் நகையை அடகு வைக்காதீர்கள். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே பிணை நிற்கின்றன. அனுமதிக் கடிதம் வந்ததுமே கேளுங்கள். கட்டணத்துக்குப் பிணை நிற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அந்த நிறுவனத்தின் பிணையை ஏற்பீர்களா என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்காமல் கட்டணம் கட்டினால் காசு போய்விடலாம்.

பெரிய பிழை, வைப்புப் பணத்தை (டெபாசிட்) உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் அனுப்புவது. யாரோ ஒருவர் கையில் காசாகக் கொடுப்பார்; உங்கள் பெயரில் தடயம் ஒன்றும் இராது. வீடு விடும்போது எதைக் காட்டிக் கேட்பீர்கள்? வங்கி மூலம், உங்கள் பெயரில் அனுப்புங்கள். வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை, வைப்புக்கு ஐந்து வார வாடகை என்பதே சட்டத்தின் உச்சவரம்பு. 800 பவுண் வாடகைக்கு முறையே 184, 923 அளவில் வரும். ஆண்டு வாடகை 50,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால்தான் வைப்பு ஆறு வாரமாகும். வைப்புப் பணத்தை 30 நாளுக்குள் அரச அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் போட்டு, அதன் விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். வீட்டைக் காட்டாமல் காசு கேட்பவருக்கு ஒரு சதமும் வேண்டாம்.

பாரிஸ் போகிறவர்களுக்கு வழி சுலபம். 18 முதல் 30 வயதுவரை உள்ள மாணவர்களுக்கு விசால் (Visale) என்ற பிணைத் திட்டம் இலவசம். நீண்டகால மாணவர் விசா கைக்கு வந்ததும் விண்ணப்பியுங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னரே அந்தச் சான்றிதழ் கிடைத்திருக்க வேண்டும், பிந்தினால் செல்லாது.