பைபோலார் இருக்குறவங்கள வீட்டுல வெச்சு பாத்துக்கும்போது நாங்க பண்ணுன தப்புங்க

போன வாரம் தம்பிக்கு மாத்திரை வாங்க மனநல ஓபி பெஞ்சுல உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, முகமெல்லாம் சிரிப்பு. மூணு மாசமா சுவரப் பாத்து படுத்திருந்த பையன் ஒரு வாரமா ஓடியாடி வேலை செய்றானாம், விடியக்காலை மூணு மணிக்கே எழுந்து வாசல் தெளிக்கிறானாம், "பிள்ள சரியாயிட்டான்மா, மாத்திரைய கொறைக்கச் சொல்லணும்"ன்னாங்க. பையன் வரிசைல நின்ன எல்லார்கிட்டயும் ஊர் பேர் கேட்டு பேசிட்டிருந்தான், பேசிப் பேசி தொண்ட கட்டிப்போயிருந்துச்சு. எனக்கு வயித்தப் பிசைஞ்சிருச்சு. உள்ள போனதும் மொதல்ல அவன் எத்தன மணி நேரம் தூங்குறான்னு சொல்லுங்கம்மான்னு மட்டும் சொல்லி அனுப்புனேன். 2016ல எங்கம்மா முகத்துல இருந்ததும் இதே சிரிப்புதான்.

தம்பிக்கு பைபோலார்னு 2011ல சொன்னாங்க. கொஞ்ச நாள் சோர்ந்து படுத்துர்ற டிப்ரஷன், கொஞ்ச நாள் தலகால் புரியாம துள்ளுற மேனியா, ரெண்டும் மாறி மாறி வர்ற மனநோய் அது. டாக்டரக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயி நாளக் கடத்தாதீங்கங்கறதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், அத நான் திரும்ப எழுதல. வீட்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு மட்டும் மாட்டுற தப்புங்கள சொல்றேன்.

எழுந்து நடமாடுனதும் "நல்லாயிட்டான்"னு கொண்டாடுறது

2016ல நாலு மாசம் டிப்ரஷன். குளிக்கல, சாப்பாட்டுத் தட்ட வெச்சா அப்படியே இருக்கும். பாக்குற டாக்டர் தூரம், பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போக முடியலன்னு பக்கத்து கிளினிக்ல காட்டுனோம். அங்க பழைய ஃபைல நாங்க காட்டவே இல்ல, வெளிய தெரிய வேணாம்னு அம்மா சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். மனசு சரியில்ல, சோர்வா இருக்கான்னு மட்டும் சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க, டிப்ரஷன் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. பைபோலார் இருக்குறவங்களுக்கு மூட் ஸ்டெபிலைசர் (மனச ரெண்டு பக்கமும் சாயாம புடிச்சு வெக்கிற மருந்து) இல்லாம அந்த மாத்திரைய மட்டும் தனியா குடுத்தா ஆள அந்தப் பக்கம் மேனியாவுல தூக்கி விட்டுரலாம். அன்னிக்கு எங்களுக்கு அது தெரியாது.

மூணாவது வாரம் ஒரு நாள் காலைல நாலரைக்கு எழுந்து குளிச்சு, எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தான். அம்மா அழுதுட்டாங்க. அன்னிக்கே பாயசம் வெச்சு, பிள்ளையாருக்கு தேங்காய் ஒடச்சோம். மறுநாள் பரண்ல இருந்த சாமானெல்லாம் இறக்கித் தொடச்சான், நாலு வருஷமா பேசாத சித்தப்பாவுக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினான், "பாத்தியாடி, பழைய பிள்ள திரும்பி வந்துட்டான்"னு அம்மா சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் ரூம்ல லைட் எரியிறத நான் பாத்தேன். பாத்துட்டு படுத்துட்டேன். இதான் இன்னி வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியாதது, பாக்காம இருந்திருந்தாக்கூட பரவால்ல, ஆறு நாள் தொடர்ந்து பாத்தேன்.

ஒம்பதாவது நாள் அம்மாவோட 9 பவுன கொண்டுபோயி அடகு வெச்சு, மாட்டுத்தீவன ஏஜென்சி எடுக்கறேன்னு ஒரு குடோனுக்கு 1,30,000 அட்வான்ஸ் குடுத்துட்டான். கேட்டதுக்கு மாமாவ அடிக்கப் போயிட்டான். பதிமூணாவது நாள் பஸ் ஸ்டாண்டுல பயணிங்களுக்கு அறிவுரை சொல்லிட்டு நிக்கிறான்னு போலீஸ் போன். அட்மிஷன் போடும்போது டாக்டர் கேட்ட மொதல் கேள்வி, "எத்தன நாளா தூக்கம் கொறஞ்சிருக்கு?" பதில் எனக்குத் தெரியும். அத மொத நாளே போன்ல சொல்லியிருந்தா அவன் அட்மிஷன் இல்லாமயே இறங்கியிருக்கலாம். அந்த நகைய மீட்க மூணு வருஷம் ஆச்சு, மாமா இன்னும் எங்க வீட்டுக்கு வர்றதில்ல.

நெஜமா டிப்ரஷன்லேருந்து மேல வர்றது எப்படி இருக்கும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அது மெதுவா வரும். ஒரு நாள் தானா குளிப்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு பேப்பர் புரட்டுவாங்க, சாயங்காலம் களைச்சுப் படுத்துருவாங்க, நடுவுல ஒரு நாள் மறுபடி மந்தமாயிரும். சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே காலைல நடந்தா உஷாராகணும். தூக்கத்துலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. கவலைல தூங்காதவங்க மறுநாள் துவண்டு கெடப்பாங்க, மேனியா ஆரம்பிக்கும்போது மூணு மணி நேரம் தூங்கிட்டு அலுப்பே இல்லாம தெம்பா இருப்பாங்க, "எனக்கு இவ்ளோ தூக்கம் போதும்"பாங்க. ரெண்டு ராத்திரி இப்படி ஆனா மூணாவது ராத்திரிக்கு காத்திருக்காதீங்க, அடுத்த ரிவ்யூ தேதி வரட்டும்னும் இருக்காதீங்க, அன்னிக்கே டாக்டருக்கு சொல்லுங்க.

இது இல்லாம ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ஒரு அடையாளம் இருக்கும். என் தம்பி வெள்ள சட்டைய ஒரே நாள்ல மூணு தடவ மாத்துவான், அடுத்தவங்க பேச்சுல தப்பு திருத்துவான். நல்லா இருக்கும்போது அவங்களையே உக்கார வெச்சு கேளுங்க, அவங்களுக்குத் தெரியும். வெள்ள சட்டை விஷயத்த எனக்குச் சொன்னதே அவன்தான்.

இப்ப எங்க வீட்டு தினசரி காலண்டர்ல ஒவ்வொரு தாள்லயும் ஒரு நம்பர் இருக்கும், முந்தின ராத்திரி தூங்கின மணி நேரம். கிழிச்ச தாள தூக்கிப் போடாம கட்டி வெச்சு ரிவ்யூவுக்கு எடுத்துட்டுப் போவோம்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு சிரிப்பையும் சந்தேகப்படுறது

சூடு பட்டதும் நான் இந்தப் பக்கம் சாஞ்சுட்டேன். அவன் டிவி பாத்து சத்தமா சிரிச்சா உடனே "மாத்திர போட்டியா?"ம்பேன். ஒரு நாள், "அக்கா, நான் சந்தோஷமா இருக்கவே கூடாதா?"ன்னான். அன்னியோட "மாத்திர போட்டியா"ங்கற கேள்விய விட்டேன். நம்பர் ஏழுக்கு மேல இருந்தா அவன் எவ்ளோ சிரிச்சாலும் நான் ஒண்ணும் கேக்குறதில்ல.

மாத்திரைய சாப்பாட்டுல கலந்து குடுக்குறது

வேணாம். ஒரு தடவ கண்டுபிடிச்சா அப்புறம் நீங்க குடுக்குற தண்ணியக்கூட குடிக்க மாட்டாங்க.

லித்தியம் போடுறவங்களுக்கு கடைல வாங்குன வலி மாத்திரை

லித்தியம் பைபோலாருக்கு நல்லா வேலை செய்ற மூட் ஸ்டெபிலைசர், 1949லயே ஜான் கேட்ங்கற ஆஸ்திரேலியா டாக்டர் மேனியாவுக்கு குடுத்துப் பாத்து எழுதியிருக்கார். ஆனா அளவுக்கும் ஆபத்துக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி. ரத்தத்துல பொதுவா 0.6லேருந்து 1.0க்குள்ள இருக்கணும்பாங்க, 1.5 தாண்டுனா விஷம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைங்க அந்த அளவ ஏத்திரும். வயித்துப்போக்கு, வாந்தி, வெயில்ல தண்ணி குடிக்காம அலையிறது, பிரஷருக்குன்னு திடீர்னு உப்பக் கொறைக்கிறது, இதுவும் ஏத்தும். கை நடுக்கம் அதிகமாகி, நடை தள்ளாடி, நாக்கு கொழறுனா அடுத்த வேளை மாத்திரையக் குடுக்காம நேரா ஆஸ்பத்திரி போங்க. டெஸ்டுக்குப் போற அன்னிக்கு காலை மாத்திரையப் போட்டுட்டுப் போகாதீங்க, ராத்திரி போட்டு 12 மணி நேரம் கழிச்சு எடுத்தாதான் அந்த நம்பர் சரியா இருக்கும். தைராய்டும் கிட்னியும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க.

கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்

ஆகாது. மறைச்சுப் பண்ணுனா ரெண்டு வீடும் போச்சு.

மேனியா இறங்குன கையோட கணக்கு கேக்குறது

"எவ்ளோ பணம் போச்சு தெரியுமா, தெருவுல தலகாட்ட முடியுதா"ன்னு நாங்க கேட்டோம். இறங்கி வரும்போது அவங்களுக்கே எல்லாம் ஞாபகம் வரும், அதோட பின்னாடியே டிப்ரஷனும் வரும், உயிருக்கு ஆபத்து அதிகமான நேரம் அது. "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி"ன்னு ஒரு வார்த்த வந்தாலும் சும்மா பேச்சுன்னு விடாதீங்க, செத்துப்போகலாம்னு தோணுதாடான்னு நேராவே கேளுங்க, கேட்டா நெனப்ப தூண்டி விட்ட மாதிரி ஆகாது. தனியா விடாதீங்க. ராத்திரில டாக்டர் கெடைக்கலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் டெலி மானஸ் 14416, இல்ல 104, தமிழ்லயே பேசுவாங்க. பணக் கணக்கு ஆறு மாசம் கழிச்சு பேசிக்கலாம்.

நல்லா இருக்கும்போது எதையும் எழுதி வெக்காம விடுறது

மேனியால இருக்கும்போது ஏடிஎம் கார்டப் புடுங்குனா சண்டைதான் வரும். நல்லா இருக்கும்போது கேட்டா அவங்களே குடுப்பாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல, முடியாமப் போனா எனக்கு என்ன சிகிச்சை வேணும், எது வேணாம்னு முன்கூட்டியே எழுதி வெக்கவும், நம்ம சார்புல பேச ஒருத்தர நியமிக்கவும் உரிமை இருக்கு. தம்பி 2019ல எழுதுனான். என் பேரப் போட்டு, கார்டும் ஜீபே இருக்குற போனும் அக்காகிட்ட இருக்கட்டும், அடகுக்கடைக்கு என்னைய தனியா விடாதீங்கன்னு வரிசையா எழுதிட்டு, கடைசியா போலீஸ் வண்டில ஏத்தாதீங்க, நாலு பேரு சேந்து கையப் புடிக்காதீங்க, அக்கா மட்டும் வந்து "கெளம்புடா, டாக்டரப் பாத்துட்டு வரலாம்"னு சொன்னா வந்துருவேன்னு எழுதியிருந்தான். 2021ல ஒரு தடவ அப்படித்தான் கூப்பிட்டேன். கால் மணி நேரம் வாசல்ல நின்னு திட்டிட்டு, செருப்ப மாட்டிட்டு வந்து ஆட்டோல ஏறுனான்.