எல்லை மலைச்சாலைக்கு ரைடிங் கியர்: அளவும் பொருத்தமும் பார்த்து வாங்குவது எப்படி

போடியில் காலை பத்து மணிக்கே வெயில் முதுகைச் சுடும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தொடும்போது பனிமூட்டம் தலைக்கவசத்தின் முன்கண்ணாடியான வைசரை மூடும். பூப்பாறை தாண்டினால் மழை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியே புனலூருக்குப் போகிறவர்களுக்கும், உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ஏறுகிறவர்களுக்கும் இதேதான். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஈரத்துணியோடு காற்றில் போனால் குளிர் இன்னும் கடிக்கும்.

அதனால் இந்தப் பக்கத்துக்காரர்கள் பைக் ஓட்டப் போடும் கவசம், ஜாக்கெட், கிளவுஸ், ஷூ ஆகிய ரைடிங் கியர் வாங்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வீட்டு வாசலில் போட்டதைப் போய்ச் சேரும்வரை கழற்றாமல் இருக்க முடியுமா? கம்பத்து வெயில் தாங்காமல் கழற்றிப் பின்சீட்டில் கட்டிய ஜாக்கெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் விழும்போது உதவாது. ஒரே தடித்த ஜாக்கெட்டில் வெயில், மழை, குளிர் மூன்றையும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். காற்றோடும் மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட், மேலே போட்டுக்கொள்ளத் தனி மழைச்சட்டை, உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை என மூன்றாகப் பிரித்து வாங்குங்கள்.

விழும் விதமும் இங்கே இரண்டு. தேனி, கம்பம் சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் உடல் தாரில் தேய்ந்துகொண்டே போகும். அங்கே துணியும் தையலும்தான் காக்க வேண்டும். கொண்டை ஊசியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் மணலோ டீசலோ வழுக்கினால் தேய்வு குறைவு. உள்ளங்கை, முட்டி, இடுப்பெலும்பு அடிபடும். கணுக்கால் வண்டிக்கு அடியில் சிக்கும். அங்கே காப்பது உடைக்குள் வைக்கும் அடிதாங்கும் பேட். ஒரே பயணத்தில் இரண்டு சாலையும் வருவதால் இரண்டுக்கும் தயாராக வேண்டும்.

தலைக்கவசம்

முகத்தை முழுதாக மூடும் ஃபுல் ஃபேஸ் மட்டும் வாங்குங்கள். தொப்பி போன்ற அரைக்கவசத்தில் தாடை வெளியே நிற்கும். முன்பக்கம் தூக்கும் மாடுலர் வகை வேண்டுமென்றால் ஈசிஇ (ஐரோப்பியத் தரச் சான்று) சீட்டில் 'பி' அல்லது 'பி/ஜே' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். 'என்பி' என்று இருந்தால் அந்தத் தாடைப் பகுதிக்குக் காப்புச் சான்று இல்லை.

ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் போதாது, அதைச் சுற்றி இருக்கும் எண்களையும் பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரியும். சாலையோரக் கடைகளில் எண் இல்லாத வெறும் முத்திரை ஸ்டிக்கரோடு விற்பதைத் தொடாதீர்கள். கையில் பணம் இருந்தால் ஐஎஸ்ஐயோடு ஈசிஇ 22.06 சான்றும் உள்ளதை எடுங்கள். அந்தத் தரத்தில் தலை சுழலும் விதமான அடியையும் சோதிக்கிறார்கள்.

அளவு பார்க்கும் முறை:

1. தையல்கார டேப்பைப் புருவத்துக்கு மேலே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில், பின்மண்டை மிகவும் புடைத்த இடத்தைச் சுற்றி அளக்கவும். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுக்கவும்.
2. எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்டிமீட்டர் எண்ணைப் பார்க்கவும்.
3. போட்டு வாரை மாட்டி, கன்னம் அழுந்துகிறதா என்று பார்க்கவும். புதிதில் கன்னம் பிதுங்குவது சரியே. தலையை வேகமாக ஆட்டும்போது கவசம் தோலோடு சேர்ந்து நகர வேண்டும், தனியாக வழுக்கக்கூடாது.
4. பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கம் உருட்டிக் கழற்றப் பார்க்கவும். கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம்.
5. பத்து நிமிடம் அப்படியே இருக்கவும். நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அளவு சரி, வடிவம் தவறு. வேறு மாடல் பார்க்கவும்.

வைசர் தெளிவான கண்ணாடியாகவே இருக்கட்டும். கறுப்பு வைசரோடு மாலை ஐந்து மணிக்கு வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க வேண்டியிருந்தால், நாற்பது வளைவுகளிலும் முன்னே என்ன வருகிறது என்று தெரியாது. வெயிலுக்கு உள்வைசர் உள்ள மாடல் போதும். பின்லாக் என்ற ஒட்டுக் கண்ணாடிக்கு இடமுள்ள வைசராகப் பாருங்கள். மூச்சு படிந்து மங்குவதை அதைப் போல வேறெதுவும் தடுப்பதில்லை.

கவசத்தை பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் ஓடு விரிசல் விட்டுவிடும். வண்டியின் பக்கக் கண்ணாடி முனையில் மாட்டி வைத்தால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அழுந்திக் குழி விழும். ஒருமுறை தலையோடு கீழே மோதிய கவசத்தை வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தத் தெர்மோகோல் ஒரே ஒரு முறை நசுங்கத்தான் செய்யப்பட்டது. தேங்காய் எண்ணெய்த் தலைக்கு மெல்லிய பருத்தி உள்முகமூடி அவசியம். இல்லாவிட்டால் உள்துணி சில மாதங்களில் நாறும்.

ஜாக்கெட்டும் பேடும்

கடையில் பெரும்பாலோர் ஜாக்கெட்டின் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறார்கள். உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தோள், முழங்கை பேடுகளை வெளியே எடுத்தால் ஒரு மோட்டார்சைக்கிள் ஓட்டியின் படமும் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். எஸ் என்றால் தோள், இ முழங்கை, எச் இடுப்பு, கே முட்டி. பேடுக்குக் கீழ் இஎன் 1621-1 (இஎன் என்பது ஐரோப்பியத் தர எண்) என்றும், 1 அல்லது 2 என்றும் அச்சடித்திருக்கும். லெவல் 1 பேட் சோதனை அடியில் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை உடலுக்குக் கடத்தலாம். லெவல் 2 பேட் 20 தான். எழுத்தும் எண்ணும் இல்லாத பேட் வெறும் ஸ்பாஞ்சு.

இன்னொன்றையும் பாருங்கள்: டி+ என்ற குறி. இளகும் ரப்பர் வகைப் பேடுகள் வெப்பத்தில் மென்மையாகிவிடும். 40 டிகிரியில் சோதித்துத் தேறியவற்றுக்கே டி+ தருகிறார்கள். கம்பம், தென்காசி, பாலக்காட்டு வெயிலில் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சின்னக் குறி முக்கியம்.

ஜாக்கெட்டின் உள்முதுகில் பேட் வைக்கும் பையைத் தொட்டுப் பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே ஒரு மெல்லிய நுரைத் துண்டுதான் இருக்கும், பையின் வடிவம் கெடாமல் இருக்க. அதை எடுத்துவிட்டு இஎன் 1621-2 லெவல் 2 முதுகுப் பேட் தனியே வாங்கிப் போடுங்கள். சோதனையில் முதுகுக்கு லெவல் 1 இன் வரம்பு 18, லெவல் 2 க்கு 9. வித்தியாசம் இரு மடங்கு. விலை வித்தியாசம் அவ்வளவு இல்லை.

துணிக்கான தரம் இஎன் 17092. ஏஏஏ பந்தயத் தோலுடைக்கு நெருக்கமானது, ஏஏ நெடுஞ்சாலைக்கு, ஏ ஊருக்குள். முழு மெஷ்ஷில் ஏஏ கிடைப்பது அரிது. அதனால் தோளும் முழங்கையும் 500 டெனியருக்கு (நூலின் தடிமன் அளவு) மேற்பட்ட கார்டுரா என்ற உறுதியான நைலான் துணியோ தோலோ ஆகவும், நெஞ்சும் உள்கையும் மட்டும் மெஷ் ஆகவும் இருக்கிறதைத் தேர்ந்தெடுங்கள். விழும்போது முதலில் தேய்வது தோளும் முழங்கையும்தான். அங்கே வலைத்துணி ஓடியிருந்தால் அந்த ஜாக்கெட்டை வைத்துவிடுங்கள். தையல் இரட்டை வரிசையாவது இருக்க வேண்டும்.

பொருத்தம் பார்க்க வண்டியில் உட்கார வேண்டும். நின்றபடி அழகாக இருக்கும் ஜாக்கெட் கையை நீட்டியதும் முதுகில் மேலேறும், மணிக்கட்டு வெளியே வரும். கைப்பிடியைப் பிடித்த நிலையில் சட்டைக் கை மணிக்கட்டு எலும்பை மூடுகிறதா? முழங்கைப் பேடை விரலால் பிடித்துத் திருகுங்கள். இரண்டு விரலகலத்துக்கு மேல் சுழன்றால், விழும்போதும் அப்படியே சுழன்று எலும்பை வெளியே விட்டுவிடும். கையில் உள்ள பட்டையை இறுக்கிப் பாருங்கள். அப்படியும் சுழன்றால் ஓர் அளவு குறையுங்கள். 'உள்ளே ஸ்வெட்டர் போடத் தளர்வாக இருக்கட்டும்' என்று பெரிய அளவு எடுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. மெல்லிய கம்பளிக்குத் தளர்வு தேவையே இல்லை.

பெண்கள் ஆண்களுக்கான சிறிய அளவை எடுத்தால் பேடுகள் இடம் மாறும், இடுப்புப் பக்கம் ஏறும். பெண்களுக்கென்று வெட்டியதையே கேளுங்கள்.

பேண்டில் முட்டிப் பேட் நிற்கும்போது கொஞ்சம் கீழே இருப்பது போலத் தோன்றினால்தான் உட்காரும்போது சரியாக வரும். ஜாக்கெட்டையும் பேண்டையும் இணைக்கும் ஜிப் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், சறுக்கும்போது ஜாக்கெட் மேலே சுருளாது. சாதாரண ஜீன்ஸ் தாரில் நொடியில் கிழியும். ஜீன்ஸ் தோற்றமே வேண்டும் என்றால் எளிதில் தேயாத அராமிட் நூல் கலந்ததையும் முட்டி, இடுப்புப் பேடுப் பை உள்ளதையும் எடுங்கள்.

கையும் காலும்

கிளவுஸில் இஎன் 13594 என்ற எண்ணைத் தேடுங்கள். கேபி என்ற குறி விரல் முட்டிப் பேடுக்குச் சோதனை நடந்ததைச் சொல்கிறது. விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். அதனால் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கிச் செல்லும் கடினமான சில்லு இருக்கட்டும். வெறும் தோல் தாரைப் பற்றிக்கொண்டு மணிக்கட்டை முறிக்கும். மணிக்கட்டுப் பட்டையை மாட்டிய பிறகு மறு கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வரும் கிளவுஸ் விழும்போதும் கழன்றுவிடும்.

பூட்ஸ் வாங்க மனமில்லாதவர்கள் கணுக்காலின் இரு பக்க எலும்பையும் மூடும் ரைடிங் ஷூவாவது போடுங்கள். குதிகாலையும் நுனியையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகினால் வண்டியின் எடையும் அதை அப்படியே முறுக்கும். லேஸ் வெளியே தொங்கக்கூடாது, கியர் லீவரில் மாட்டும். சபரிமலைக்கு மாலை போட்டு வெறுங்காலோடு இருக்கிறவர்கள் குமுளிவரை பைக்கில் போவதைவிடப் பேருந்தில் போவதே நல்லது.

மழை

ஜூன் தொடங்கினால் ஆரியங்காவு, குமுளி, மூணாறு எல்லாம் நாள் கணக்கில் நனையும். ஜாக்கெட்டுக்குள் பொத்தான் போட்டு மாட்டும் மழை லைனரை நம்பி இறங்காதீர்கள். உடல் நனையாது, ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காற்றில் குளிரும், அடுத்த நாளும் காயாது. மேலும் மழை வந்ததும் சாலையோரம் நின்று ஜாக்கெட்டைக் கழற்றித்தான் அதை மாட்ட வேண்டும். தனி மழை உடையை ஜாக்கெட்டின் மேல் போடுங்கள். அளவு ஒன்று கூட்டி வாங்குங்கள். உள்பக்கத் தையல்களின் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். முதலில் ஒழுகுவது கவட்டைத் தையல்தான், சீட்டில் தேங்கும் தண்ணீர் அங்கே நிற்பதால்.

போர்வை போலத் தொங்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாளையாறு காற்றிலும் ஆரல்வாய்மொழிக் காற்றிலும் பாய் போல விரியும். வண்டியையே இழுக்கும். வேண்டாம். மழைப் பேண்டின் வலது கால் சைலன்சரைத் தொட்டால் உருகி ஒட்டும். கணுக்காலில் பட்டை போட்டு இறுக்குங்கள். மழையில் கிளவுஸின் கையைச் சட்டைக் கைக்குள் விடுங்கள், வெளியே இருந்தால் கையில் வழியும் தண்ணீர் நேராக விரல்களுக்குப் போகும்.

நிறமும் தோற்றமும்

பிடித்த உடையைத்தான் தினமும் போடுவோம். அழகு பார்ப்பது தவறல்ல. இடுப்பு குறுகி, கைகள் ஒட்டி வரும் வெட்டு பேடையும் இடத்தில் நிறுத்தும், பார்க்கவும் நன்றாக இருக்கும். முழுக் கறுப்பு வெயிலைக் குடிக்கும், மூடுபனியில் மறையும். மேலே வெளிர்ச் சாம்பல் அல்லது மணல் நிறம், தோளில் ஒளிரும் மஞ்சளோ ஆரஞ்சோ, கீழே சேறு தெரியாத கரும் பேண்ட். இந்தச் சேர்க்கை கம்பத்துக்கும் மூணாறுக்கும் ஒத்துவரும். முதுகில் மட்டும் ஒளிரும் பட்டை இருந்தால் பேக்பேக் அதை மறைத்துவிடும். கைகளிலும் கவசத்தின் பின்பக்கத்திலும் இருக்கட்டும்.

பின்னால் உட்காருபவருக்கும் கவசம் கட்டாயம். கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் அதைக் கண்டிப்போடு அமல்படுத்துகிறார்கள்; 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்களும் பிடிக்கின்றன. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை இருந்தால் குழந்தைக் கவசமும் ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 ஐத் தாண்டக்கூடாது. துப்பட்டாவையும் முந்தானையையும் இடுப்பில் செருகிய பிறகே வண்டி கிளம்பட்டும்.

கையில் 20,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், எங்கள் கணக்கு சுமாராக இப்படி: கவசம் 4,500, ஜாக்கெட் 7,000, ஷூ 3,500, கிளவுஸ் 2,000, சாதாரண பேண்டின் மேல் கட்டும் முட்டிக் காப்பு 1,500, மழை உடை 1,500. முதல் மாதம் கவசமும் கிளவுஸும் மட்டும் வாங்கி, மற்றவற்றைப் பிறகு சேர்த்தாலும் சரி.

மலைப்பக்க வீடுகளில் ஈரமும் பூஞ்சையும்தான் கியரின் எதிரி. நனைந்து வந்த ஜாக்கெட்டைப் பையில் சுருட்டி வைக்காமல் பேடுகளை வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில் விரித்துத் தொங்கவிடுங்கள். துவைக்கும்போது ஒட்டும் பட்டைகளை எல்லாம் மூடிவிட்டு, திரவ சோப்பில் கையால் அலசி நிழலில் காயவிடுங்கள். பிரஷ் போட்டால் மெஷ் நூல் பிரியும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாள் காலைக்குள் உலர்ந்துவிடும். அடுப்பருகே வைத்தால் அடிப்பகுதிப் பசை விடும்.