ஐந்து கட்டம், தெரிந்தது இரண்டே எழுத்து: ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது எப்படி?

"ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல். உள்ளே ஏ-யும் ஆர்-உம் இருக்கணும். சீக்கிரம்!" என்று யாராவது கேட்டால் என்ன செய்வோம்? கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சொற்களை உருட்டுவோம். கார்... மூன்றுதான். ஸ்டார்... நான்கு. அப்புறம் ஒன்றும் வராது. வேர்டில் ஆடத் தொடங்கிய முதல் மாதம் முழுக்க எனக்கு இப்படித்தான் போனது. ஆங்கிலச் சொல்லைக் காதால் தேடினால் கிடைக்காது, கட்டத்தால் தேட வேண்டும் என்று புரிந்த பிறகுதான் கொஞ்சம் கை வந்தது.

வேர்டில் தெரியாதவர்களுக்கு: ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைவிக்காகச் செய்த விளையாட்டு இது. 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார், 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஒரு ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை. சொல்லில் உண்டு, ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் சாம்பல். ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருந்ததில் அந்தத் துணைவி உட்கார்ந்து தனக்குத் தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கி, விடைப் பட்டியலை ஏறக்குறைய 2,500 ஆகச் சுருக்கினார். ஆகவே அகராதியில் தூங்கும் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். விடை பெரும்பாலும் நமக்கும் தெரிந்த சொல்தான்.

படி 1: நல்ல எழுத்துகளோடு தொடங்குங்கள்

எந்த எழுத்து அதிகம் வரும் என்று அறிய எளிய வழி, எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆட்டத்தின் பெட்டியைத் திறந்து பார்ப்பது. அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் அந்த ஆட்டத்தின் அளவுகளை வைத்தார். 100 வில்லையில் ஈ மட்டும் 12. ஏ-யும் ஐ-யும் தலா 9, ஓ 8, ஆர்-உம் என்-உம் தலா 6. கியூ ஒன்றே ஒன்று. நான் எப்போதும் 'கிரேன்' போட்டுத் தொடங்குவேன்: சி, ஆர், ஏ, என், ஈ.

படி 2: வராத இடத்தையும் எழுதுங்கள்

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். 'கிரேன்' அடித்ததும் ஆர் மஞ்சள், ஏ மஞ்சள், மற்ற மூன்றும் சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். ஆர் உண்டு என்று மட்டும் குறித்துக்கொண்டால் பாதித் தகவல் வீண். இரண்டாம் கட்டத்துக்குக் கீழே 'ஆர் இல்லை', மூன்றாம் கட்டத்துக்குக் கீழே 'ஏ இல்லை' என்று எழுத வேண்டும். ஓரத்தில் சி, என், ஈ மூன்றையும் அடித்துவிடுங்கள். புதிதாக ஆடுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

படி 3: உயிரெழுத்தை முதலில் உட்கார வையுங்கள்

இனி ஏ-யை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துங்கள். இரண்டாம் கட்டத்தில் வைத்தால் 'ஃபேரி', 'ஹேரி', 'மேஜர்', 'மார்ஷ்' என்று நிறைய வரும். நான்காம் கட்டத்தில் வைத்தால் 'சோலார்', 'மோலார்', 'மாரல்', 'ராயல்'. முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் அவ்வளவாகத் தேறாது.

நான் 'ஃபேரி' போட்டேன்: எஃப், ஏ, ஐ, ஆர், ஒய். ஐ-யையும் ஒய்-யையும் கூடவே சோதித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. (ஒய்-யை மறக்காதீர்கள், சொல் முடிவில் அதுவும் உயிரெழுத்து வேலைதான் பார்க்கும்.) மறுபடியும் ஏ மஞ்சள், ஆர் மஞ்சள், மற்றவை சாம்பல். தோல்வி மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. ஏ-க்கு இரண்டும் மூன்றும் போயின. ஆர்-க்கு இரண்டும் நான்கும் போயின. அப்படியானால் நான்கில் ஏ, ஐந்தில் ஆர் என்ற அமைப்புதான் கண்ணில் நிற்கிறது. 'சோலார்' அடித்தேன். எஸ், ஏ, ஆர் மூன்றும் பச்சை! ஓ, எல் சாம்பல்.

கையில் இருப்பது: எஸ் ? ? ஏ ஆர்.

இந்த இடத்தில் காது சதி செய்யும். 'ச...ஆர்' என்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் எதுவும் வராது. காதை மூடிவிட்டுக் கட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் இடத்தில் ஓர் உயிரெழுத்து வர வாய்ப்பு அதிகம். ஈ, ஐ, ஓ மூன்றும் போய்விட்டன, மிச்சம் யூ. எஸ், யூ, ஒரு காலி இடம், ஏ, ஆர். அந்தக் காலி இடத்தில் மெய்யெழுத்துகளை அகர வரிசையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். ஜி வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 'ஷுகர்'! காலையில் காபியில் போட்ட சர்க்கரை. ஷு என்ற ஒலிக்கு எஸ், ஹெச் என்றுதான் மனம் தேடும், வெறும் எஸ் என்று தோன்றவே தோன்றாது.

கணினியில் தேடுவதானால் ஒன்லுக் அகராதித் தளம் போதும். தெரிந்த எழுத்தை அதனதன் இடத்தில் தட்டி, தெரியாத இடத்துக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். மேலே உள்ள அமைப்பை அப்படியே, இடைவெளி விடாமல் தட்டினால் பொருந்தும் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். நீளம் தெரியாவிட்டால் கேள்விக்குறிக்குப் பதில் நட்சத்திரக்குறி. குறுக்கெழுத்துக்கு இதை நான் தாராளமாகப் பயன்படுத்துவேன். வேர்டிலுக்குப் பயன்படுத்தினால் ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

படி 4: நான்கு பச்சை வந்தால் உஷார்

வேறோர் ஆட்டத்தில் கடைசி நான்கும் ஐ, ஜி, ஹெச், டி என்று பச்சையாகிவிட்டன. முடிந்தது என்று நினைப்பீர்கள். 'ஃபைட்', 'லைட்', 'மைட்', 'நைட்', 'ரைட்', 'சைட்', 'டைட்'. ஏழு ஆயிற்று. 'எய்ட்' என்ற எட்டும் இதே எழுத்துகளில்தான் முடிகிறது, ஒலி வேறாக இருப்பதால் பலர் விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் வாய்ப்பு தீர்ந்துவிடும்.

அப்போது வேண்டுமென்றே தவறான சொல் ஒன்றைப் போடுங்கள். 'ஃபிலிம்ஸ்' நல்ல தேர்வு. பன்மை என்பதால் விடையாக வரப்போவதில்லை, ஆனால் எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடும். அவற்றில் ஒன்று நிறம் மாறினால் விடை கையில். நான்கும் சாம்பல் என்றால் மிச்சம் 'நைட்', 'ரைட்', 'டைட்', 'எய்ட்' மட்டும். ஹார்ட் மோட் போட்டு ஆடுபவர்களுக்கு இந்த வித்தை செல்லாது, கிடைத்த பச்சையை அங்கே விட்டுக்கொடுக்க முடியாது. நான் அதைப் போடுவதே இல்லை.