நற்கருணை வாங்குவதில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை நெருங்கினால் சேலத்துக் கத்தோலிக்கக் கோயில் பங்குகள் பலவற்றில் புதுநன்மைப் பேச்சு, அதாவது பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்குவது பற்றிய பேச்சு, தொடங்கிவிடும். திருப்பலியில் பெறும் நற்கருணையைத்தான் நாங்கள் 'நன்மை' என்றும் சொல்கிறோம். மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் எங்களிடம் பெற்றோர் முதலில் கேட்பது உடையைப் பற்றி. அடுத்து மண்டபம், புகைப்படக்காரர், விருந்துக்கு எத்தனை பேரை அழைப்பது என்று பேச்சு நீளும். பிள்ளை முதன்முறையாக ஆண்டவரைப் பெறும் நாளில் வீடு மகிழ்ந்து கொண்டாடுவதில் தவறே இல்லை. ஆனால் "கையில் பணம் இல்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விருந்துச் செலவுக்காகப் பிள்ளையின் புதுநன்மையையே தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. இன்னும் சிலர் வட்டிக்கு வாங்கிச் செலவழிக்கிறார்கள். இந்தத் தவறை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பல நாடுகளில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ காத்திருக்க வேண்டியிருந்தது. 1910ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அந்த வழக்கத்தை மாற்றினார். நற்கருணைக்கும் சாதாரண அப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் வயதுக்கேற்ப அறிந்த பிள்ளைக்கு, ஏறக்குறைய ஏழு வயதிலேயே நன்மை கொடுக்கலாம் என்றார். திருச்சபை பிள்ளைக்குத் திறந்துவைத்த கதவை நாம் பிரியாணிக் கணக்குப் பார்த்து மூடக்கூடாது. வெள்ளைச் சட்டையும் வீட்டுச் சமையலும் போதும். புதுச்சட்டைகூட வேண்டியதில்லை.

சரி, அந்தப் பிள்ளை என்ன அறிந்திருக்க வேண்டும்? "இது இயேசுவின் நினைவாக நாம் சாப்பிடும் அப்பம்" என்று சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் உண்டு. எளிமையாகச் சொல்ல நினைத்து, நம் நம்பிக்கையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். நினைவு என்பது உண்மைதான். ஆனால் வசீகரிப்புக்குப் பிறகு, அதாவது திருப்பலியில் குரு இயேசுவின் சொற்களைச் சொல்லி அப்பத்தை அர்ச்சித்த பிறகு, அங்கே இருப்பவர் கிறிஸ்துவே என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அப்பத்தின் நிறமும் சுவையும் வடிவமும் அப்படியே இருக்க, அதன் உட்பொருள் முழுவதும் அவருடைய உடலாக மாறிவிடுகிறது. 1551ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம் இதைத் தெளிவாக வரையறுத்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே திருச்சபை நம்பி வந்ததும் இதுதான். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தம் சதையை உண்ண வேண்டும் என்று இயேசு சொன்னபோது பலர் முகம் சுளித்து அவரை விட்டுப் போனார்கள். "நான் உவமையாகச் சொன்னேன்" என்று அவர் யாரையும் திரும்ப அழைக்கவில்லை. நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்றுதான் பன்னிருவரைக் கேட்டார். இந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது. அப்பத்தின் சாயல் இருக்கும்வரை அவர் பிரசன்னமும் இருக்கிறது. அதனால்தான் திருப்பலி முடிந்த பிறகும் நற்கருணைப் பேழைக்கு அருகில் விளக்கு எரிகிறது. அப்பத்தை மட்டும் பெறுகிறவர் பாதிதான் பெறுகிறார் என்று எண்ணவும் வேண்டாம். ஒவ்வொரு துண்டிலும் முழுக் கிறிஸ்துவும் இருக்கிறார்.

அடுத்தது, பயத்தால் விலகி நிற்பது. ஏற்காட்டு எஸ்டேட் லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்து ஞாயிறுதோறும் கோயிலுக்கு வரும் வயதான அம்மாக்களிடம் இதைப் பார்க்கலாம். முந்தின நாள் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு பாவசங்கீர்த்தனம் செய்திருந்தால்தான் நன்மை வாங்குவார்கள். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வாங்காமலே திரும்புவார்கள். அவர்களுடைய மரியாதையை நான் வணங்குகிறேன். ஆனால் அப்படி ஒரு சட்டம் இல்லை. சாவான பாவம், அதாவது கனமான காரியத்தில் முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் செய்த பாவம் இருந்தால், ஒப்புரவு அருளடையாளம், அதாவது அதே பாவசங்கீர்த்தனம், பெற்ற பிறகே நன்மை வாங்க வேண்டும். மருமகளிடம் ஒரு சொல் கோபமாகச் சொன்னது, செபத்தில் கவனம் சிதறியது போன்ற அன்றாடக் குறைகள் யாரையும் பந்தியிலிருந்து விலக்குவதில்லை. தகுந்த மனத்தோடு பெறும் நற்கருணையே அவற்றைக் கழுவும். 1905ஆம் ஆண்டு அதே பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளியான ஆணை, அருள்நிலையும் (சாவான பாவம் இல்லாத நிலையும்) நேர்மையான நோக்கமும் உள்ள எவரும் நாள்தோறும் நன்மை வாங்கலாம் என்றது. நன்மை வாங்குவதற்குச் சற்றுமுன் "நான் தகுதியற்றவன்" என்று நூற்றுவர் தலைவரின் சொற்களில் எல்லாரும் சேர்ந்தே சொல்கிறோம். சொல்லிவிட்டுத்தான் எழுந்து போகிறோம்.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது, நகரப் பங்குகளில் அதிகமாக. வரிசை வரிசையாக எல்லாரும் எழும்போது தான் மட்டும் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் மனச்சாட்சி தடுத்தும் போய் வாங்குகிறார்கள். இதில் அவர்களைவிட நம் கண்களுக்கே பொறுப்பு அதிகம். யார் எழவில்லை என்று பார்ப்பதை நிறுத்துவோம். உட்கார்ந்திருப்பவர் சற்றுமுன் ஏதோ சாப்பிட்டு, நன்மைக்கு முந்தைய உபவாசம் தவறியிருக்கலாம். வேறு காரணம் இருந்தாலும் அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில்.

வாசகமும் மறையுரையும் முடிந்து காணிக்கை நேரத்தில் உள்ளே வந்து, நன்மை வாங்கிய கையோடு வண்டியை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இறைவாக்கு வழிபாடும் நற்கருணை வழிபாடும் ஒரே வழிபாட்டுச் செயல் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கற்பித்தது. வாசகமும் மறையுரையும் வெறும் முன்னுரை அல்ல. மலைக்கிராமத்திலிருந்து பஸ் தாமதமாகி ஓடி வருகிறவரைச் சொல்லவில்லை. வாசலில் மரநிழலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இனி, மற்ற எல்லாத் தவறுகளையும்விட என்னை உறுத்துவது. ஒரே பீடத்தில் நன்மை வாங்கிவிட்டு வெளியே வந்ததும் சாதி பார்ப்பது. பெண் கொடுக்க மாட்டோம், அவர்கள் தெருவுக்குத் தேர் போகாது, கல்லறையில் பக்கம் வேறு என்பவையெல்லாம் தமிழகத் திருச்சபையில் நடந்தவை, இன்னும் முழுமையாக ஒழியாதவை. இது சமூகப் பிரச்சினை, நற்கருணைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். கொரிந்தில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடி உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அல்ல என்று பவுல் எழுதினார். தகுதியற்ற முறையில் உண்பவர் ஆண்டவரின் உடலுக்கு எதிராகக் குற்றம் செய்கிறார் என்ற கடும் எச்சரிக்கை வருவதும் அங்கேதான். அந்த வசனத்தைத் தனிமனிதப் பாவங்களுக்கு மட்டும் பொருத்தி வாசித்துப் பழகிவிட்டோம். பவுலின் கண்முன் இருந்தது அவமானப்படுத்தப்பட்ட ஏழை. அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே, அப்பம் ஒன்றாய் இருப்பதால் பலராகிய நாமும் ஒரே உடல் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த உடலில் ஓர் உறுப்பைத் தீண்டத்தகாதது என்பவர் நாவில் வாங்கியது யாருடைய உடல்?

இது என் சொந்தக் கோபம் மட்டும் இல்லை. 2003ஆம் ஆண்டு நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வலியுறுத்தினார். சேலம் மறைமாவட்டம் சேர்ந்திருக்கும் புதுச்சேரி–கடலூர் திருச்சபை மாநிலத்து (பல மறைமாவட்டங்கள் சேர்ந்த தொகுதி) ஆயர்களும் அதைக் கேட்டவர்களில் அடக்கம். இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பிள்ளைக்குப் புதுநன்மை தயாரிப்பு நடக்கும் மாதங்களில் வீட்டில் சாதிப் பேச்சு எழுந்தால், அந்தப் பிள்ளை வகுப்பில் மனப்பாடம் செய்வதையெல்லாம் அது அழித்துவிடும். பங்காளிச் சண்டைக்கும் இது பொருந்தும். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்றுதான் மத்தேயு நற்செய்தி சொல்கிறது. மற்றவர் சமாதானத்துக்கு இணங்காமல் போகலாம்; நம் பக்கத்துக் கதவைத் திறந்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

சின்னச் சின்னத் தவறுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நன்மைக்கு முந்தைய உபவாசம் ஒரு மணி நேரம், அது திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. இரவுப் பணி முடித்து ஏழு மணிப் பூசைக்கு வருகிறவர் ஆறரைக்குக் காப்பி குடித்திருந்தாலும், நன்மை ஏழே முக்காலுக்கு என்றால் தடையில்லை. தண்ணீரும் மருந்தும் எப்போதும் குடிக்கலாம். முதியோருக்கும் நோயாளிக்கும் அவர்களைக் கவனிப்பவருக்கும் இந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. கையில் வாங்குகிறவர் கொடுப்பவரின் முன்னிலையிலேயே உட்கொள்ள வேண்டும்; நடந்துகொண்டே வாயில் போடுவதும் இருக்கைக்கு எடுத்துச் செல்வதும் கூடாது. "ஆமென்" என்பதை முணுமுணுக்காமல் சொல்லுங்கள், அது உங்கள் விசுவாச அறிக்கை. ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஞாயிறு கடமையிலிருந்து விடுமுறை கிடையாது. சனிக்கிழமை மாலைத் திருப்பலி கிடைத்தால் அதுவும் ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றும். திருமணத் திருப்பலிக்கு இந்து நண்பர்களை அழைக்கும் வீட்டார், நன்மை நேரத்தில் இடத்திலேயே அமர்ந்து செபிக்கலாம் என்று முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிட வேண்டும். கோயில் பிரசாதம் போல எண்ணி மரியாதையோடு வரிசையில் வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்பும் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

கடைசியாக, அன்பினால் செய்யும் ஒரு தவறு. வீட்டில் படுத்திருக்கும் தாய்க்குக் கொடுக்கலாமே என்று சிலர் நற்கருணையைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துப் போகிறார்கள். அந்தத் தாயின் பசி உண்மையானது, வழிதான் தவறு. ஏறக்குறைய 155ஆம் ஆண்டில், கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார். அதே திருச்சபைதான் இன்றும். பங்கு அலுவலகத்தில் நோயாளியின் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டால் குருவானவரோ, அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளரோ வருவார்கள். இறுதி மூச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோயாளி பேசவும் விழுங்கவும் முடிகிற நிலையிலேயே சொல்லி அனுப்புங்கள். மலையில் தள்ளி இருக்கும் லயனாக இருந்தால், ஜீப் எதுவரை வரும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டிலருகில் சுத்தமான துணி விரித்த சிறு மேசை, ஒரு சிலுவை, மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் இவை போதும். பக்கத்து வீட்டாரும் வந்து செபத்தில் கலந்துகொள்ளலாம்.